உலைக்கு அளக்கும் சுண்டு

நிறுத்தலும் அளத்தலும் கணித பாடத்துக்குரிய விடயங்கள் என்றே நமது பாடசாலைகளில் கருதப்பட்டு வந்துள்ளன. 16 அவுன்சு கொண்டது ஓர் இறாத்தல், 112 இறாத்தல் கொண்டது ஓர் அந்தர் என்று ஒரு தலைமுறை மனனஞ் செய்தது. 1000 கிராம் கொண்டது ஒரு கிலோகிராம் என்று அடுத்த தலைமுறை மனனஞ் செய்தது. இவ்விரு தலைமுறையினருக்கும் சோறாக்கிப் போட்டவள் இரண்டு வாய்பாடுகளையும் பொருட்படுத்தாது சுண்டினால் அரிசியை அளந்து உலையில் இட்டாள். இன்றும் எத்தனையோ வீடுகளில் அவ்வாறே நடைபெறுகிறது. கடையில் கிலோவில் வாங்கிய அரிசி, வீட்டுப் படியைத் தாண்டியதும் சுண்டுக் கணக்குக்கு மாறிவிடுகிறது.

இதனை அறியாமை என்றோ, பழமையில் ஊறிய பிடிவாதம் என்றோ தள்ளிவிடுவது எளிது. ஆனால் உணவை எந்த அலகால் அளப்பது என்ற கேள்விக்குப் பின்னால் நெடியதொரு சமூக வரலாறு உண்டு. யார் அளக்கிறார், யாருக்காக அளக்கிறார், அளவைப் பாத்திரம் யாருடைய கையில் இருக்கிறது என்பவற்றை விலக்கிவிட்டு அவ்வரலாற்றைப் பேச முடியாது.

முதலில் அடுப்படியின் நியாயத்தைப் பார்ப்போம். அரிசிக்கு நீர் வைக்கும் கணக்கு கொள்ளளவுக் கணக்கு. ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டு நீர் என்று சொன்னால், ஒரே பாத்திரம் இரண்டையும் அளந்து கொடுக்கிறது. தராசு வேண்டியதில்லை, படிக்கற்கள் வேண்டியதில்லை. தலைக்கு ஒரு சுண்டு, சிறுபிள்ளைக்கு அரைச் சுண்டு என்று வயிறுகளின் எண்ணிக்கையோடும் அது நேரே பொருந்துகிறது. மாவைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அரித்த மா தளர்ந்து கிடக்கும். அமுக்கி நிரப்பினால் அதே பாத்திரம் மிக அதிகமான மாவைக் கொள்ளும். ஆகவே மாவுக்கும் சீனிக்கும் மீனுக்கும் இறைச்சிக்கும் நிறையே நம்பத்தக்கது. அரிசியைச் சுண்டாலும் மாவை இறாத்தலாலும் கணக்கிட்ட நமது வீட்டுப் பெண்கள் பௌதிகவியல் படிக்கவில்லை. எனினும் எப்பொருளுக்கு எவ்வலகு என்ற தெரிவை அவர்கள் செய்தே வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பழந்தமிழர் முகத்தலளவை முழுவதும் பெரும்பாலும் இரட்டித்துச் செல்வது: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. குறுணிக்கு மரக்கால் என்றும் பெயர். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. உச்சியிலே மட்டும் மூன்று தூணி ஒரு கலமாகிறது. ஈழத்திலும் நாலு சுண்டு ஒரு கொத்து. சிங்கள மக்கள் 'ஹுண்டு' என்பதும் அதே சுண்டுதான், நாலு ஹுண்டு அவர்களுக்கு ஒரு 'சேரு'. பகிர்ந்துண்ணும் இடத்தில் பாதியாக்குவதே இயல்பான கணக்கு. குவித்த அரிசியைக் கண்ணால் பார்த்து இரண்டாகப் பிரிக்கலாம், அதனை மீண்டும் இரண்டாகப் பிரிக்கலாம். பத்தாகப் பிரிக்க எவராலும் முடியாது.

வீட்டுக்குள் இவ்வாறு தெளிவாயிருந்த அளவை, வீட்டுக்கு வெளியே வந்ததும் அதிகாரத்தின் கருவியாகிறது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களிலே நெல் அளக்கவேண்டிய மரக்கால் எதுவென்று பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது: 'ஆடவல்லான்' என்னும் மரக்கால். அது இராசகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்ற விளக்கமும் அங்கே உண்டு. ஒன்று இறைவன் பெயர், மற்றது அரசன் பட்டப்பெயர். மரக்கால் என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த மரக்கால் என்று கேட்கவேண்டிய நிலை இருந்தது என்பதை அப்பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. பட்டினப்பாலை, புகார் நகரத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாமலும் நடந்துகொண்டனர் எனப் புகழ்கிறது. இதனை நம்முன்னோரின் நேர்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஆனால் எல்லோரும் இயல்பாகச் செய்வதை எவரும் பாராட்டுவதில்லை. வாங்க ஒரு பாத்திரமும் கொடுக்க ஒரு பாத்திரமும் வைத்திருந்தவர்கள் உலகின் எல்லாப் பகுதியிலும் இருந்தார்கள். பழைய ஏற்பாட்டின் உபாகமம், வீட்டிலே பெரியதும் சிறியதுமான இருவகை அளவைகளை வைத்திருக்கலாகாது என்று சட்டமே விதித்திருக்கிறது.

இந்தச் சூழ்ச்சி எந்த எல்லைவரை செல்லக்கூடும் என்பதற்குப் புரட்சிக்கு முந்திய பிரான்ஸ் நல்ல உதாரணம். அளவைகளின் சமூக வரலாற்றை விரிவாக ஆராய்ந்த போலந்து நாட்டு வரலாற்றாசிரியர் விட்டோல்ட் கூலா, 1970 இல் வெளிவந்த தமது நூலில் இதனை நுணுக்கமாகக் காட்டியிருக்கிறார். குடியானவன் நிலப்பிரபுவுக்குச் செலுத்தவேண்டிய தானியம் இத்தனை மரக்கால் என்று வழக்கத்தால் உறுதிசெய்யப்பட்டிருந்தது. அந்த எண்ணைக் கூட்ட நிலப்பிரபுவால் இலகுவில் முடியாது. ஆனால் மரக்கால் அவனுடையது. ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் பாத்திரத்தை மாற்றினான். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது ஒரு தகராறு. குவித்து அளப்பதென்றால் பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிய குவியல் மேலே நிற்கும். கொள்ளளவு மாறாமலே உயரத்தைக் குறைத்து வாயை அகலமாக்கினால் நிலப்பிரபுவுக்கு இலாபம். தானியத்தைத் தோளுயரத்திலிருந்து கொட்டினால் மணிகள் இறுகி அமரும்; இடுப்புயரத்திலிருந்து மெல்லச் சொரிந்தால் தளர்ந்து நிற்கும். கை எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்பதுகூட வழக்குக்குரிய பொருளாயிற்று.

1789 இல் அரசன் முன் வைப்பதற்காக நாடெங்கும் எழுதப்பட்ட முறைப்பாட்டு ஏடுகளில், நாடு முழுவதற்கும் ஒரே நிறையும் ஒரே அளவையும் வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் காணப்படுவது இதனாலேயே. அறிஞர் சபைக்கு அது விஞ்ஞானப் பிரச்சினை; குடியானவனுக்கு அது சோற்றுப் பிரச்சினை. 1795 இல் புரட்சி அரசு மெற்றிக் முறையைச் சட்டமாக்கியது. எந்தப் பிரபுவின் பெட்டகத்திலும் பூட்டிவைக்கப்படாத, பூமியின் அளவிலிருந்தே பெறப்பட்ட அலகு என்பது அக்காலத்தின் மாபெரும் கனவு. அக்கனவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பழைய அளவைகளை 'மக்களின் மரபு' என்று இன்று கண்ணீர் வடிப்போர், அம்மரபின் வாய் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயினும் அடுத்து நிகழ்ந்தது கவனத்துக்குரியது. மக்கள் ஒரே அளவையைத்தான் கேட்டார்கள். பத்தின் அடுக்குகளைக் கேட்கவில்லை. சந்தையிலே அரை, கால், அரைக்கால் என்று வாங்கிப் பழகிய பெண்களுக்குப் பத்திலொன்றும் நூறிலொன்றும் அந்நியமாயிருந்தன. 1812 இல் நெப்போலியனின் அரசு ஒரு சமரசத்துக்கு இறங்கியது: சில்லறை வணிகத்துக்கு 'லீவர்' என்ற பழைய பெயரே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய பாரிஸ் லீவர் ஏறத்தாழ 489.5 கிராம், புதிய லீவர் சரியாக 500 கிராம். அது முன்போலவே 16 அவுன்சுகளாகப் பிரிக்கப்பட்டது. பாடசாலைகளிலும் அரச அலுவல்களிலும் பத்தின் கணக்கு, சந்தையிலே பாதியின் கணக்கு என்று நாடு இரண்டு கணக்குகளில் வாழ்ந்தது. 1837 இல் இயற்றப்பட்ட சட்டம், 1840 சனவரி முதலாந் திகதியிலிருந்து மெற்றிக் முறையை மட்டுமே செல்லுபடியாக்கிற்று. அதன் பின்னரும் பிரெஞ்சுச் சந்தையில் 'ஒரு லீவர்' என்றால் அரைக் கிலோ என்ற பேச்சு வழக்கு மறையவில்லை. சட்டம் பெயரை நீக்கலாம். பாதியாக்கும் கையை நீக்க முடியவில்லை.

ஈழத்துக்கு வருவோம். இங்கே நிறுத்தலளவை வந்தேறிய கதை அதன் சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இறாத்தல் என்பது அரபு வணிகரின் 'ரத்ல்'; போர்த்துக்கேயரின் வாய்மொழியிலும் அது புகுந்தது. அரபுச் சொல்லோ கிரேக்கரின் 'லித்ரா'விலிருந்து பிறந்தது. அதே லித்ராவிலிருந்துதான் பிரெஞ்சுப் புரட்சியின் லீற்றரும் பிறந்தது என்பது சுவையான செய்தி: ஒரே தாயின் ஒரு பிள்ளை நிறையாகவும் மற்றது கொள்ளளவாகவும் வளர்ந்து, பல நூற்றாண்டுகளின் பின் நமது கடைகளில் சந்தித்துக்கொண்டன. அந்தரும் அவுன்சும் புசலும் ஐரோப்பிய ஆட்சிகளோடு வந்தவை. பிரித்தானிய ஆட்சி இவற்றையெல்லாம் தன் பேரேட்டுக்கு ஏற்ப ஒழுங்குபடுத்திற்று. 32 கொத்து ஒரு புசலாயிற்று. ஒரு புசல் நெல் 46 இறாத்தல் என்றும் ஒரு புசல் அரிசி 64 இறாத்தல் என்றும் கணக்கிடப்பட்டது. ஆகவே ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல். ஒரு சுண்டு அரை இறாத்தல், அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 227 கிராம்.

இந்த இரண்டு கணக்குகளும் ஒரே உடலின் மேல் வந்து மோதிய இடம் மலைநாட்டுத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு நாள்தோறும் தராசில் ஏறியது. அன்று இறாத்தலிலும் இன்று கிலோவிலும் நிறுக்கப்படும் அக்கொழுந்திலிருந்து, கூடையின் நிறை என்றும் இலையில் தங்கிய ஈரம் என்றும் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. கழிவின் அளவைத் தீர்மானிப்பவர் தராசின் மறுபக்கத்தில் நின்றவர். கூலியின் ஒரு பகுதி அரிசியாகவே வந்தது. அதைத் தோட்டம் புசல் கணக்கில் எழுதிக்கொண்டு சம்பளத்தில் பிடித்தது. 1927 இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் கூலியைச் சதத்தில் விதித்தபோது, தோட்டத்து அரிசியின் விலையையும் சேர்த்தே எண்ணவேண்டியிருந்தது. இலையை நிறையாற் கொடுத்து அரிசியை அளவாற் பெற்ற அப்பெண், மாலையில் லயத்துக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு எத்தனை சுண்டு என்று எண்ணினாள். பகல் முழுவதும் பிறர் அளந்த அளவைகளுக்குள் வாழ்ந்தவளுக்குத் தன் கையால் அளக்கும் அளவை அது ஒன்றே.

அவளது கையிலிருந்த பாத்திரமும் பெரும்பாலும் ஒரு வெறும் பால்பேணி. 14 அவுன்சுத் தகரப்பால் பேணியின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு சுண்டுக்குச் சமம். எவரும் திட்டமிடாத இந்தப் பொருத்தம், முத்திரை குத்திய அளவை வாங்க வசதியற்ற வீடுகளுக்கெல்லாம் ஒரு நியம அளவையை இலவசமாக வழங்கிற்று. ஏகாதிபத்தியத்தின் பண்டம் காலியானபின்தான் ஏழைக்குப் பயன்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

கொத்து என்ற சொல் அரசியற் சொல்லாக மாறியது இரண்டாம் உலக யுத்தத்தோடு. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, பங்கீடு தொடங்கிற்று. கூப்பன் புத்தகமும் சங்கக்கடை வரிசையும் வாழ்க்கையின் பகுதிகளாயின. யுத்தம் முடிந்தபின்னும் பங்கீட்டரிசி நிலைத்தது. நாடெங்கும் ஒரே விலைக்கு ஒரே அளவான அரிசி கிடைக்கும் என்ற நிலை, வரலாற்றில் அதுவரை எந்த ஆட்சியும் மக்களுக்கு அளித்திராத ஒன்று. கொத்து இப்போது ஓர் உரிமையின் அலகாயிற்று.

அதனாலேயே அதில் கைவைத்தவர்கள் விலை கொடுத்தார்கள். 1953 யூலையில் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. வாரத்தில் ஐந்து கொத்து வாங்கும் குடும்பத்துக்கு 1 ரூபா 25 சதமாயிருந்த செலவு 3 ரூபா 50 சதமாயிற்று. இதற்குப் பொருளாதார நூல் எதுவும் தேவையில்லை. அடுப்படியில் நின்றவள் அன்றிரவே கணக்கை முடித்திருப்பாள். ஓகஸ்ற் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். இடதுசாரிகள் தலைமை தாங்கிய அப்போராட்டத்தின் சுலோகம் எந்தத் தத்துவ நூலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று, ஒரு கொத்து அரிசியிலிருந்து எடுக்கப்பட்டது.

பின்வந்த ஆட்சியாளர் பாடம் கற்றுக்கொண்டார்கள். விலையைத் தொடாமல் அளவைத் தொட்டார்கள். 1966 டிசம்பரில், மீண்டும் பிரதமராயிருந்த அதே டட்லி சேனநாயக்கா, தலைக்கு வாரம் இரண்டு கொத்தாயிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாக்கி, அந்த ஒன்றை இலவசமாக வழங்கினார். சுண்டுக் கணக்கில் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்: வாரத்துக்கு எட்டுச் சுண்டு நாலாயிற்று, நாளொன்றுக்கு ஒரு சுண்டுக்குச் சற்று மேலிருந்தது அரைச் சுண்டுக்குச் சற்று மேலாயிற்று. 'இலவசம்' என்ற சொல்லின் இனிமையில் பாதிச் சோறு மறைந்தது. அடுத்த தேர்தல் முழுவதும் அந்த இரண்டாவது கொத்தைப் பற்றியதே. சந்திரனிலிருந்தேனும் அரிசியைக் கொண்டுவந்து தருவதாக மேடைகளிற் பேசப்பட்டது. 1970 இல் ஆட்சிக்கு வந்த கூட்டரசாங்கத்தில் நமது இடதுசாரிக் கட்சிகளும் பங்கு கொண்டன. சில ஆண்டுகளுக்குள் உலகச் சந்தை விலையும் வரட்சியும் சேர்ந்து பங்கீட்டைச் சுருக்கின. சில கொத்துக்கு மேல் அரிசி கொண்டுசெல்லக்கூடாதென்று வீதிகளில் சோதனைச் சாவடிகள் நின்றன; 1974 இல் தோட்டங்களில் மரணவீதம் கூர்மையாக உயர்ந்தது. எங்கள் தோழர்கள் அமைச்சர்களாயிருந்த காலத்தில் அது நிகழ்ந்தது என்பதை இடதுசாரி எழுத்தில் நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

இதன் பின் வந்த மாற்றமே எல்லாவற்றிலும் ஆழமானது. 1978 இல் பங்கீட்டரிசி குறைந்த வருமானமுள்ளோருக்கு மட்டும் என்று ஒடுக்கப்பட்டது. 1979 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு பங்கீட்டையே அகற்றி உணவு முத்திரையைப் புகுத்திற்று. முத்திரை ரூபாவில் எழுதப்பட்டது. கொத்தில் தரப்பட்டபோது, அரிசியின் விலை எவ்வளவு ஏறினாலும் கொத்து கொத்தாகவே இருந்தது. ஏற்றத்தின் பாரம் அரசின் மேல் விழுந்தது. ரூபாவில் தரப்பட்டபோது, விலை ஏறிய ஒவ்வொரு நாளும் முத்திரை சுருங்கிற்று. பாரம் குடும்பத்தின் மேல் விழுந்தது. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகத் தேய்ந்தது. 1953 இல் ஒரே நாளில் செய்ய முயன்று முடியாமற்போனதை, இம்முறை அலகை மாற்றியதால், எந்த ஹர்த்தாலும் இன்றி மெதுவாகச் செய்ய முடிந்தது. பாத்திரத்தின் வாயை அகலமாக்கிய பிரெஞ்சு நிலப்பிரபு இதனைக் கண்டிருந்தால் வியந்திருப்பான்.

இதே காலப்பகுதியில் நாடு மெற்றிக் முறைக்கும் மாறிற்று. ஒரு கிலோ என்பது ஒரு கொத்துக்கும் சற்று மேலே, ஏறத்தாழ 93 கிராம் கூடுதல். பேரேடு மாறியது, விலைப்பலகை மாறியது, பாடநூல் மாறியது. பேச்சு மாறவில்லை. பாணை நாம் இன்றும் இறாத்தல் என்றே கேட்கிறோம். கடையில் கிடைப்பதற்குரிய சட்டநிறை 450 கிராம். உண்மையான இறாத்தல் 453.6 கிராம். வேறுபாடு அற்பமானது. ஆனால் 450 என்ற எண்ணை வாங்குபவர் சொல்வதில்லை. இறாத்தல் என்ற பெயரையே சொல்கிறார். பெயரை மட்டும் சொல்லி வாங்குபவர், வெதுப்பகத்தில் நிறை மேலும் குறைந்தால் எதைக் கொண்டு கேட்பார்? நிறை குறைந்த பாண் பற்றி அடிக்கடி எழும் முறைப்பாடுகளின் வேர் இங்கேயும் இருக்கிறது. 2022 இன் நெருக்கடியில் சீனியையும் பருப்பையும் 100 கிராமாக வாங்கியவர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பார்கள்: சிறிய அலகில் வாங்குபவர் எப்போதும் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறார்.

எனவே வீட்டிலே எந்த அலகு என்ற கேள்விக்கு என் விடை இதுதான். கடை வாசலில் கிராமும் கிலோவும் வேண்டும். அவை பொதுமக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு, அவற்றைப் பெற மனிதர் போராடியிருக்கிறார்கள். உலைக்குச் சுண்டே போதும். அதனினும் சிறந்த கருவி அங்கே இல்லை. தேவையானது இவ்விரண்டுக்கும் இடையிலான பாலம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். மாணவர் ஒவ்வொருவரையும் தம் வீட்டில் அரிசி அளக்கும் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லவேண்டும். அதிலே நீரை நிரப்பி மில்லிலீற்றரில் அளந்து, அரிசியைத் தலைதட்டி நிரப்பிக் கிராமில் நிறுத்து, இரு எண்களையும் பாத்திரத்தின் அடியில் எழுதிவிட வேண்டும். பழைய முத்திரைச் சுண்டு 284 மில்லிலீற்றர் அளவில் நிற்கும். பால்பேணி அதற்குச் சற்று மேலே நிற்கும். பிளாஸ்ரிக் குவளைகள் எங்கெங்கோ நிற்கும். அதன் பிறகு, அந்தப் பாத்திரத்தால் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை முறை அளக்கிறார்கள், எத்தனை பேர் உண்கிறார்கள் என்று கேட்கலாம். சில பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லமாட்டார்கள். அவர்களை வற்புறுத்தாதிருப்பது நல்லது.